ஓட்டின் மேல் ஓர் உபயம்

காயம்பட்ட பிராணிகளின் மருந்துச் செலவுக்காக ரெஜினா டீச்சர் தகர உண்டியலோடு வந்தால், தெருவில் டிவி சத்தமெல்லாம் அடங்கி, வீடுகளில் ஆளே இல்லாததுபோல் ஆகிவிடும். கொடுத்தவர் இரும்புக்கடை அருணகிரி அண்ணாச்சி ஒருவர்தான். அதுவும் முழுசாக ஐயாயிரம். கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சம் வராத அளவுக்குத் தன் பெயரை எழுதிக் கொடுக்கிற மகராசன். பைக் ஏறி ஓடு பிளந்த ஆமைக்கு அந்தப் பணத்தில் மூன்று மாதம் களிம்பு போட்டு, மறுநாள் குளத்தில் விடுவதாக இருந்தாள் ரெஜினா. மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினால், ஓடு முழுக்க மஞ்சள் பெயிண்டில் ‘உபயம்: ச. அருணகிரி’. ஆறிவந்த விரிசலுக்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருந்தது. விரல் பட்டதும் ஆமை நடுங்கியது. அண்ணாச்சியின் ஆள் விட்டுப்போன டப்பாவையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு ரெஜினா கடைக்கு நடந்தாள். உண்டியலுக்குத் திறக்காத கதவெல்லாம் இப்போது திறந்து, தெருவே பின்னால் போனது.

“எழுத்து நல்லா விழுந்திருக்கா டீச்சர்?”

“அதுக்கு வலிக்கும் அண்ணாச்சி.”

“ஓட்டுல என்ன வலி? நம்ம நகம் மாதிரிதான. குடுத்தவன் பேரு நாலு பேருக்குத் தெரியாண்டாமா?”

ரெஜினா பிரஷை டப்பாவில் முக்கி எடுத்தாள்.

“தெரியட்டும். ஒங்க வழுக்கையில பெருசாவே எழுதுதேன். கொஞ்சம் குனியுங்க.”

வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மஞ்சள் சொட்டு ஒன்று பிரஷின் நுனியில் திரண்டது. அண்ணாச்சி கழுத்தை மெல்லச் சட்டைக் காலருக்குள் இழுத்துக்கொண்டார்.