அங்கே நீ இருக்கியா?

“புருஷன் மண்ணுக்குள்ள கெடக்கறான், இவ பாட்டுப் பாடுறா பாரு!”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் யாரோ சத்தமாகவே சொன்னார்கள். டிரம்மர் அதைக் காதில் வாங்கவில்லை. ஈர மண்ணில் மண்டியிட்டு, ஸ்பேனரால் இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டே தொண்டை கிழியப் பாடினாள். கை ஒரு தட்டிலும் தாளம் தப்பவில்லை. மேடை மேடையாக டிரம்ஸ் வாசித்த கை அது.

காலையில், கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் நிலத்தடித் தொட்டிக்குள் குழாய் மாட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் அவள் கணவன், பிளம்பர். இன்னொருவர் வெல்டர். இறங்கிய கொஞ்ச நேரத்தில் தொட்டியின் மேல்தளம் மண்ணோடு சேர்ந்து சரிந்துவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டு மிச்சமிருந்தது இந்தக் குழாய் ஒன்றுதான்.

மீட்புக் குழுத் தலைவர் ஒலி கேட்கும் கருவியை மண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். “ஒரு ஆள் அசையற சத்தம்தான் கேக்குது. இன்னொருத்தர் சத்தமே இல்ல.”

“அந்த ஒருத்தர் யாரு சார்?” என்று கேட்டவள் வெல்டரின் மனைவி.

“தெரியலம்மா. எந்த மூலையில இருக்காருன்னே சரியாப் பிடிபடல. நாம தட்டறதுக்கு அவர் பதிலுக்குத் தட்டினாத்தான் இடம் பார்த்துத் துளை போட முடியும். கண்ட இடத்துல போட்டா மிச்ச மண்ணும் உள்ள விழுந்துடும்.”

அவருடைய ஆட்கள் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பதிலும் இல்லை. அப்போதுதான் டிரம்மர் ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

அவள் குழுவின் பாட்டு அது. காது கிழிக்கிற ராக் பாட்டுதான். ஆனால் பல்லவி பச்சைக் குழந்தைக்கும் புரியும். “நான் இங்கே இருக்கேன், அங்கே நீ இருக்கியா?” என்று பாடி அவள் நிறுத்துவாள். ‘இருக்கேன்’ என்பதற்குப் பதிலாகக் கூட்டம் மூன்று முறை கைதட்ட வேண்டும்.

அவளுக்குக் காதல் வந்ததே அந்த இடத்தில்தான். கூட்டமெல்லாம் தட்டி ஓய்ந்த பிறகு, ஒரு ஜோடிக் கை மட்டும் தாளம் தப்பித் தனியாகத் தட்டும். எந்த மேடையானாலும் முதல் வரிசையில் அதே ஆள், அதே அசட்டுச் சிரிப்பு. கல்யாணமாகியும் மனுஷன் தேறவில்லை, பாட்டையும் விடவில்லை. வேலை செய்கிற இடத்தில் நாள் முழுக்க அதையேதான் பாடுவான்.

“எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டுன்னாலே ஆகாது,” என்று பக்கத்தில் உட்கார்ந்து அரற்றிக்கொண்டிருந்தாள் வெல்டரின் மனைவி. “‘பக்கத்துல நின்னு அதையே பாடி உயிரை வாங்குறான், எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு’ன்னு தெனம் வந்து திட்டுவாரு. இன்னைக்கும் வந்து திட்டினாப் போதும், சாமி!”

டிரம்மர் பாடினாள், தட்டினாள், நிறுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னார் தலைவர். மறுபடி பாடினாள். பதில் வராமல் போய்விடுமோ என்று பயம். வந்தால் எப்படி வருமோ என்று அதைவிடப் பயம்.

“நான் இங்கே இருக்கேன், அங்கே நீ இருக்கியா?”

டங். டங். டங்.

அவள் நிறுத்திய அடுத்த கணமே, சுத்தமாக, மூன்று தட்டு.

பைத்தியமா என்று பார்த்தவர்களே விசிலடித்தார்கள். தலைவர் துள்ளி எழுந்தார். “பிடிச்சாச்சு! அந்த மூலைதான்! மெஷினைக் கொண்டாங்க!” டிரம்மரைப் பார்த்து அவர் குரல் குழைந்தது. “உங்க பாட்டும்மா! உங்க வீட்டுக்காரரேதான் பதில் சொல்றாரு!”

வெல்டரின் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்தாள்.

டிரம்மர் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் பாடினாள். டங், டங், டங். இன்னொரு தடவை பாடும்போது குரல் உடைந்துவிட்டது. மூன்று தட்டும் கேட்டு முடிந்தன. அப்புறமும் குழாயில் காதை ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி காத்திருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

“போதும்மா, ஆள்தான் கிடைச்சாச்சே. இன்னும் எதுக்குத் தட்டிக்கிட்டு இருக்கீங்க?” தலைவர் அவள் கையிலிருந்து ஸ்பேனரை மெல்ல வாங்கினார்.

அவள் தவழ்ந்து போய், நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாதீங்கக்கா. தாளம் சரியா விழுது... அது உங்க வீட்டுக்காரர்.”