நாலு துளை, ஐந்து போல்ட்

"சட்டுனு முடுக்குங்கண்ணே! நாலு மணிக்குக் கீரமங்கலத்துல மீட்டிங்கு!" என்று கத்தினான் டிரைவர் ஹனீபா.

பிரசாரக் காரின் கூரைமேல் இருந்தார் பட்டறைக்காரர் சந்தனசாமி. ஒலிபெருக்கிக் குழாயைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அளவெடுத்து அடித்தவர் அவர்தான். நாலு துளை, நாலு போல்ட். நாலையும் முடுக்கிவிட்டு உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

இறங்கி வந்தால், டப்பாவில் இன்னும் ஒரு போல்ட் கிடந்தது. துருவேறி, ஈரச் சேறு ஒட்டியிருந்தது.

"இது ஏதுப்பா?"

"நான்தாண்ணே போட்டேன். வர்ற வழியில, வல்லத்திராக்கோட்டைக் கண்மாய்க்கரையில ஒருத்தரு காரை மறிச்சுக் கொடுத்தாரு. 'எங்க அண்ணன் கொடுத்தது, அவர்கிட்டயே சேத்துடு'ன்னாரு. இந்த வெயில்ல தொப்பலா நனைஞ்சிருந்தாரு. மீன் பிடிக்கிறவரு போல."

சந்தனசாமியின் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. "வேற என்ன சொன்னான்?"

"போறப்ப அங்கிட்டு ஏறிக்கிறாராம். ஒங்களையும் கூட்டியாரச் சொன்னாரு. ஏறுங்கண்ணே, நேரமாச்சு."

சந்தனசாமி ஏறவில்லை. போன எலெக்‌ஷனுக்கும் இதே அவசரம்தான். மூன்று போல்ட்டை மட்டும் முடுக்கிவிட்டு, நாலாவதைத் தம்பி அடைக்கலசாமியின் கையில் கொடுத்து, "போற வழியில மாட்டிக்கடா" என்று அனுப்பினார். அதே கண்மாய் வளைவில் குழாய் கழன்றது. ஓடும் காரிலிருந்து எட்டி அதைப் பிடிக்கப் போன தம்பி தண்ணீரில் விழுந்தான்.

இறுகிப்போன அவன் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அந்தப் போல்ட்டோடுதான் அவனை ஆவூர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.