பன்னிரண்டாவது ஞாயிறு

அவள் கையைப் பக்கவாட்டில் நீட்டுகிறாள். அருகில் அம்மாவும் நீட்டுகிறாள்.

மடிக்கணினித் திரையில் அவர்கள் இருவரும் ஒரு பெட்டியில். அதை ஒட்டிய பெட்டியில், ஓசூரில் இருக்கும் அப்பா.

அப்பாவின் விரல்கள் அவர் பெட்டியின் ஓரத்தில் மறைகின்றன. அம்மாவின் விரல்கள் இந்தப் பெட்டியின் ஓரத்தில் மறைகின்றன.

நடுவில் நூலளவு ஒரு கறுப்புக் கோடு.

கண்ணைச் சுருக்கினால் அந்தக் கோடு கரைந்துவிடும்.

அவள் சுருக்குகிறாள். மூவரும் கைகோத்தபடி ஏதோ ஒரு தண்ணீருக்குள் மெல்ல அசைகிறார்கள். ஜன்னல் வெயில் இரண்டு அறைக்கும் பொதுவாக விழுகிறது.

“மிருதுளா, தூங்குறியாம்மா?”

மேல் பெட்டியில் இருக்கும் ஜெனிட்டா மேடம் கேட்கிறார். அவள் கண்ணைத் திறக்கிறாள். கோடு திரும்ப வந்துவிடுகிறது.

ஞாயிறு காலை ஏழு மணி. உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கான ஆன்லைன் வகுப்பு. பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கூடவே குதிக்க வேண்டும், கூடவே காய்கறி தின்ன வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும்.

அப்பா வீட்டைவிட்டுப் போய் ஒன்பது மாதம் ஆகிறது. அவரும் அம்மாவும் ஃபோனில்கூடப் பேசிக்கொள்வதில்லை.

இங்கே பேசுகிறார்கள். மேடம் வழியாக.

“மேடம், அவர் அனுப்பின சாப்பாட்டு போட்டோவைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. முட்டைகோஸுக்கு அடியில புரோட்டா ஒளிஞ்சிட்டிருக்கு.”

“அது சப்பாத்தி மேடம். லேசாத் தீஞ்சிருச்சு, அவ்வளவுதான்.”

“அவருக்கு அடுப்பு பத்தவெக்கவே தெரியாதே மேடம்!”

“இப்பத் தெரியும்னு சொல்லுங்க மேடம்.”

“நீங்க ரெண்டு பேரும் என்னைத் தபால்காரியாவே ஆக்கிட்டீங்க” என்று மேடம் சிரிக்கிறார்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் தோள்கள் குலுங்குகின்றன. சிரிப்புதான்.

இன்று கடைசி வகுப்பு.

நாற்பத்தேழு கிலோவுக்குக் கீழே வந்துவிட்டால் சான்றிதழ். அதோடு முடிந்தது. வராவிட்டால் இன்னும் பன்னிரண்டு வாரம்.

பள்ளியில் இப்போது யாரும் அவளைப் புல்டோசர் என்பதில்லை. சீருடையை அம்மா இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டாள். மூன்றாவது மாடிக்கு அவள் நிற்காமல் ஓடுகிறாள். மேலே போய் நின்று, இரைக்காத தன் மூச்சைத் தானே கேட்டுக்கொள்கிறாள்.

நேற்றுக் கோயிலில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தாள்.

“சரி, எடை பாத்துரலாமா? அம்மா, நீங்க படிச்சுச் சொல்லுங்க.”

எடைக் கருவி தரையில் கிடக்கிறது. கேமராவின் கண் அங்கே எட்டாது.

அவள் ஏறி நிற்கிறாள். கண்ணாடி சில்லென்று இருக்கிறது. கால்விரல்களுக்கு முன்னால் எண்கள் மீன்குஞ்சுகளைப் போல அலைகின்றன. பிறகு நிற்கின்றன.

நாற்பத்தாறு புள்ளி எட்டு.

அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்க்கிறாள்.

திரையில் அப்பா மிக நெருங்கி வந்துவிட்டார். அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் பெட்டி முழுக்கத் தெரிகின்றன.

“எவ்ளோ காட்டுது, பவித்ரா?”

மேடத்தைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கிறார்.

வெளியே பால்காரரின் மணிச் சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல் வந்து போகிறது.

அம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறாள். கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள்.

மிருதுளா மெல்லத் தலையை ஆட்டுகிறாள்.

“நாப்பத்தெட்டரை” என்கிறாள் அம்மா.

“அடடா. பரவாயில்ல கண்ணு, நல்லாத்தான் முயற்சி பண்ணியிருக்க. அடுத்த பேட்ச் வர்ற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிக்குது. அப்பா, உங்களுக்குத் தோதுப்படுமா, இல்ல...”

“வந்துடறேன்” என்கிறார் அப்பா. மேடம் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

அவள் இறங்கவில்லை. அம்மாவும் இறங்கச் சொல்லவில்லை.

ஒளிரும் எண்ணை அம்மாவின் உள்ளங்கை மூடியிருக்கிறது. வெளிச்சம் விரலிடுக்கில் கசிகிறது.