அளவுக்கு நின்றவள்

டக்.

மறுபடியும் அதே இடம்.

சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. விரல் நீள வேகன், பொம்மை ஸ்டேஷனின் சரக்கு அறை மூலையில் முட்டி நின்றிருக்கும். அவள் கணவர் அதைப் பின்னால் இழுப்பார். கொஞ்சம் மெதுவாக விடுவார்.

டக்.

மெதுவாக விட்டால் சுவர் ஒதுங்கி வழிவிடுமா என்ன?

கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

முன்பு அது விருந்தாளி அறை. கட்டில் போய், அந்த இடத்தில் இப்போது ஒரு மலை. மலையில் சுரங்கம், பாலம், தண்ணீர்த் தொட்டி. நடுவில், அவர் மூன்று மாதமாகக் கட்டிய மர ஸ்டேஷன். ஒவ்வொரு பலகையும் பால்சா மரத்தில் கையால் அறுத்தது. ஜன்னல் சட்டம்கூடத் தீக்குச்சியைச் சீவிச் செய்தது.

தை பிறந்ததும் கண்காட்சி. ரயில் கிளப்பில் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து, ஒரே பாதையாகச் சேர்க்க வேண்டும். காலையில்கூட கிளப்பிலிருந்து எட்வின் போன் செய்தார்.

"என்ன சார், உங்க ஸ்டேஷன் வருதா, இல்ல லேட்டா ஓடுதா?"

கணவர் சிரிக்கவில்லை.

இப்போதும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்டவாளம் சரி. ரயில்வே வரைபடம் பார்த்துப் போட்டது. ஸ்டேஷனும் சரி. போட்டோவைப் பார்த்து அளந்தது. ரெண்டும் சரின்னா அப்புறம் எப்படி இடிக்கும்?"

கேட்டது அவளிடம் இல்லை. மலையிடம்.

நேற்றே தண்டவாளத்தை ஒருமுறை பிடுங்கி, மறுபடி ஒட்டியிருந்தார். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. ஸ்கேலை எடுத்தார். சரக்கு அறையை அளந்தார். போட்டோவை அளந்தார். மறுபடி சரக்கு அறையை அளந்தார்.

சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

போட்டோ மேஜை விளக்குக்குக் கீழே ஒட்டியிருந்தது.

அதில் நிற்பது அவள்தான். கல்யாணமான புதிதில் மலை ரயிலில் போனபோது அவர் எடுத்தது.

"ஸ்டேஷன் முழுசா வரணும். நீ கொஞ்சம் ஓரமா நில்லு."

நின்றாள்.

அந்த ஸ்டேஷனை இடித்து வெகுநாளாயிற்று. அவர் பழைய ஃபிலிமைத் தேடி எடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கிவந்தார். வந்த கையோடு கேட்டார்.

"உன் உயரம் என்ன?"

இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. ஐந்தடி ஓர் அங்குலம் என்றாள். சொல்லும்போது லேசாக வெட்கம்கூட வந்தது.

போட்டோவில் அவள் உச்சியிலிருந்து தரை வரைக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் அந்த உயரத்தை எழுதினார்.

அவளை வைத்துக் கதவு. கதவை வைத்து ஜன்னல். ஜன்னலை வைத்துக் கூரை.

மூன்று மாதம் பூதக்கண்ணாடியும் கையுமாக அந்த போட்டோவின் மேலேயே கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் அவள் வைத்துவிட்டுப் போகும் காபி ஆடை கட்டும்.

போட்டோவின் மூலையில் ஒரு நாயும் படுத்திருந்தது. அதைக் களிமண்ணில் செய்து நடைமேடையில் வைத்துவிட்டார்.

அவளைச் செய்யவில்லை.

டக்.

இந்த முறை வேகன் கவிழ்ந்தது. அவர் வீசிய ஸ்கேல் சுவரில் பட்டு அவள் காலடியில் வந்து விழுந்தது.

எடுக்கக் குனிந்தாள். நிமிரும்போது போட்டோ முகத்துக்கு நேரே இருந்தது.

"இது இடவலமா மாறியிருக்கு," என்றாள்.

"எது?"

"போட்டோ. முந்தானை வலது தோள்ல கிடக்கு பாருங்க. நான் என்னிக்கு வலது தோள்ல போட்டேன்?"

பார்த்தார்.

ஸ்டுடியோக்காரன் ஃபிலிமைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறான். காட்டிக்கொடுக்க போட்டோவில் ஓர் எழுத்துகூட இல்லை. ஊர்ப் பலகை படத்துக்கு வெளியே நின்றுவிட்டது. சரக்கு அறை இருக்க வேண்டியது ஸ்டேஷனின் மறுகோடியில்.

 அவர் ஸ்டேஷனை இரண்டு கையாலும் தூக்கினார். எறியப் போகிறார் என்று நினைத்தாள். தரையில் ஓரமாக வைத்தார்.

"பலகையெல்லாம் வெளிப்பக்கம் ஒட்டியாச்சு. திருப்பிப் போட முடியாது. மொத்தமும் புதுசா அறுக்கணும்."

"மூணு மாசமாப் பார்க்கறீங்க. முந்தானை கண்ணுல படலையா?"

"நான் கட்டடத்தைத்தானே பார்த்தேன்."



பிளேடை மாற்றினார். புதுப் பலகையை விளக்கடியில் போட்டார். கையை நீட்டினார். அவள் ஸ்கேலைக் கொடுத்தாள்.

"உன் உயரம் அஞ்சடி ஒண்ணுதானே? சரியாச் சொல்லு. மூணாவது தடவை அறுக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் போட்டோவைப் பார்த்தாள். சிவப்புக் கோடு தரையைத் தொடும் இடத்தில், சேலைக் கரைக்குக் கீழே, கறுப்பாக ஒரு சின்ன முனை எட்டிப் பார்த்தது.

குதிகால் செருப்பு. மூன்று அங்குலம். அவர் காதுக்காவது எட்ட வேண்டுமே என்று அந்தப் பயணத்துக்காகவே வாங்கியது. மலைப்பாதையில் நடந்து நடந்து பாதமெல்லாம் கொப்புளம். ஏன் நொண்டுகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

மூன்று அங்குலம். அந்தக் கோடு உண்மையில் ஐந்தடி நான்கு. பிசகு ஒரு ஜன்னலில் தெரியாது. முழு ஸ்டேஷனில் தெரியும்.

பூதக்கண்ணாடி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அஞ்சடி ஒண்ணுதான்," என்றாள்.

அவர் ஸ்கேலை போட்டோவில் அவள் உச்சியில் வைத்தார்.