பத்து வருட ஓட்டு

கடலுக்குள் காற்றாலை வைத்த நிறுவனம் ஊருக்கு என்ன கட்டித் தரவேண்டும் என்பதை இளையவர்கள்தான் முடிவு செய்யவேண்டும். ஓட்டுப் போட்டவர் பத்து வருடம் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது. டயாலிசிஸ் மையமா, விளையாட்டு அரங்கமா என்று ஓட்டுப் போட்ட ஆறு பேரும் சரிபாதியாகப் பிரிந்துவிட, மிஞ்சியது மெர்சிலினின் ஓட்டு. அவளுக்குச் சென்னையில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. ஓட்டுக்கூடத்து வாசலில் நிலைகொள்ளாமல் நடந்தாள்.

டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை நாகர்கோவில் போய்வரும் அப்பா அருகில் வந்தார்.

"போடாத மக்களே. நான் பஸ்ஸிலயே போய்க்கிடுதேன்."

"போன வாரம் பஸ்ஸிலதானே மயங்கி விழுந்திய?"

அவள் உள்ளே போய் மையத்துக்கு விரல் பதித்தாள். அதிகாரி அவள் மணிக்கட்டில் பட்டையொன்றை மாட்டிவிட்டார்.

சாயங்காலம் ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டி ஓரடி வைத்துப் பார்த்தாள். பட்டை மெல்ல அதிர்ந்தது. காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.