முப்பத்தைந்தாவது கட்டம்

காலை ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான், குளித்தான், நகத்தை ஒட்ட வெட்டினான். சென்ட் புட்டியைத் தொடவில்லை; எந்த வாசனையும் ஆகாது என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

ஃப்ரிட்ஜ் கதவில் மனைவி ஒட்டிய தாள். 'கடைசி மூன்று மாதம்' என்று தலைப்புப் போட்டு, இருபத்தெட்டு முதல் நாற்பது வரை எண் போட்டு, வாரத்துக்கு ஒரு கட்டம் வரைந்திருந்தாள். தூக்கம் வராது, முதுகு வலிக்கும், உதை பலமாகும் என்று ஓரத்தில் பொடி எழுத்து.

முதல் இரண்டு கட்டங்களில் அவளுடைய பச்சை மை. அப்புறமெல்லாம் இவனுடைய நீலம். முப்பத்தைந்தாவது கட்டத்தில் டிக் அடித்தான்.

மாமியார் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா மாப்ள?"

"ம்."

"இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? தூங்கவாவது செஞ்சீங்களா?"

"எங்க அத்தை... முதுகு வலி."

"ஒன்பதாம் மாசம்னா அப்படித்தான்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எடை ஏறுச்சான்னு கேளுங்க. போன வாரம் ஏறவே இல்லையே."

"கேட்கிறேன்."

வீட்டுக்குள் அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஆஸ்பத்திரி வார்டில் மூன்று பெண்கள் சாய்வு நாற்காலிகளில் இருந்தார்கள்.

"சிஸ்டர், நம்ம பிள்ளைத்தாச்சி வந்தாச்சு!" என்றாள் ஒருத்தி. மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவன் சுவரோரம் இருந்த நான்காவது நாற்காலியில் சாய்ந்து, பொத்தான்களைக் கழற்றினான்.

நர்ஸ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். முழங்கை நீளமே இருந்த அவன் மகளைத் தூக்கி, வெறும் மார்பில் கவிழ்த்து, துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"அப்பா சூடு ஒத்துக்குது சார். நூறு கிராம் ஏறியிருக்கா."

குட்டிக் கால் ஒன்று விலாவில் உதைத்தது. ஓரத்தில் அவள் எழுதியிருந்தது சரிதான், பலமாகத்தான் இருந்தது.

ஐந்து வாரம் முன்பு, ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன இருவரில் குழந்தை மட்டும்தான் திரும்பி வந்தது. உள்ளே போகுமுன் வாசலில் ஸ்ட்ரெச்சர் ஒரு நிமிடம் நின்றபோது, அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"ஏழு மாசம் நான் சுமந்தாச்சு. மிச்சத்த நீங்க சுமங்க."