பதினான்காம் நம்பர்

“மார்ச் பதினொன்று, புதன். இன்று செய்த தவறு ஒன்று. என் நம்பரை இன்னொருவர் பிளேட்டில் அடித்துவிட்டேன்.” டைரியை விரித்துப் பிடித்துக்கொண்டு செய்தி வாசிப்பவனைப் போலப் படித்தான் விஜய். “அரே எஸ்தர், ஒண்ணே ஒண்ணுதானா? முந்தாநாள் மூணு எழுதியிருந்தியே. தேறிட்ட!”

“குடுண்ணா!” எஸ்தர் டைரியைப் பிடுங்கிக்கொண்டாள். காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் அவல் போஹா இறங்கவில்லை.

“அப்படி என்ன குடி முழுகிப் போச்சு?”

பகலெல்லாம் துணிக்கடை பில் கவுண்டர், மாலையில் கசார்வாடியில் வகுப்பு என்று ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தாள் எஸ்தர். நீர்மூழ்கிக் கப்பலுக்கான வெல்டிங் வகுப்பு. நேற்று கடைசித் தேர்வு. இரண்டு கனமான இரும்புத் துண்டுகளை ஒட்டி ஒரே பிளேட்டாக்கி, அதன் ஓரத்தில் அவரவர் நம்பரைப் பஞ்ச் வைத்து அடிக்க வேண்டும். உடன் படிக்கும் கோகுல்நாத் பதிமூன்று, அவள் பதினான்கு. பிறகு பிளேட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள். தளேகாவில் கப்பல் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். அதற்கு அவர்கள் இரண்டு பேர்.

“ரெண்டு பிளேட்டும் ஒரே ஸ்டாண்டுல ஆறிக்கிட்டிருந்துச்சுண்ணா. கோகுல் நம்பரை அடிச்சிட்டு சாய் குடிக்கப் போயிட்டான். மிச்சமிருந்ததுல நான் அடிச்சேன். சரியா பாக்கலை.”

“மாறிப்போச்சுன்னு எப்படிச் சொல்ற?”

“நான் நாலு தடவை வெல்டிங் ராடு மாத்தினேன், எழுதி வெச்சிருக்கேன். மாத்தின இடத்துல சின்னதா ஒரு மேடு நிக்கும். நம்பர் அடிச்சிட்டு எடுத்த போட்டோ இது. எண்ணிப் பாரு, மூணுதான்.”

விஜய் எண்ணவில்லை. தங்கையைத்தான் பார்த்தான். “ராடு மாத்தினதுக்குக் கணக்கு எழுதுறவளை இந்தப் புனேவுலயே இப்பத்தான் பாக்குறேன். சரி, அந்தக் கோகுல் பெரிய கில்லாடின்னு நீதானே சொல்லுவ? அவன் பிளேட்டு உன் நம்பர்ல போனா வேலை உனக்கு. பேசாம இரு.”

“அவன் வேலையை நான் எடுத்துக்கறதா? கடலுக்கடியில போற கப்பல்ணா. நம்பரைப் பாத்துத்தான் யார் கை வேலைன்னு நம்புவாங்க.”

“பக்கெட் தண்ணிக்கே நடுங்குறவ கடலைப் பத்திப் பேசுறா!”

எஸ்தர் கோகுல்நாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். கோயம்புத்தூர்க்காரன். இரண்டு வருடம் பட்டறை அனுபவம். கண்ணை மூடிக்கொண்டே வெல்டிங் செய்வேன் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிபவன்.

“சொல்லுங்க சந்தேக ராணி!”

சொன்னாள். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

“போட்டோவுல மேடு எண்ணுனீங்களா? விடுங்க அம்மிணி! மாறியே இருந்தாலும் என்ன இப்ப? எனக்குப் பட்டறை இருக்குது. என்ற பிளேட்டை உங்களுக்குச் சீதனமாக் குடுத்ததா நெனச்சுக்கறேன். மேடம்கிட்ட மட்டும் போய் நிக்காதீங்க. மொத்த பேட்சையும் திரும்ப எழுத வெச்சுருவாங்க.”

“தங்கமான பையன்” என்றான் விஜய்.

அதுதான் எஸ்தருக்கு இன்னும் உறுத்தியது. இப்படிப்பட்டவன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டுத் தளேகாவுக்கு ரயிலேற அவளுக்கு மனம் வரவில்லை.

மாலையில் அரை மணி முன்னதாகவே வகுப்புக்குப் போய்விட்டாள். சியாமளா மேடம் பாடம் நடத்துவது இந்தியில். இவளிடமும் கோகுலிடமும் மட்டும் தமிழ். மேடத்தின் மேஜைமேல் டைரியையும் போட்டோவையும் வைத்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள் எஸ்தர்.

“பதினாலு என்னோடது இல்ல மேடம், கோகுலோடது. பதிமூணுதான் நான் பண்ணது. வேலையை அவனுக்கே குடுத்துடுங்க. நான் அடுத்த பேட்சுல எழுதிக்கறேன்.”

“ஆறு மாசம் இன்னொரு தடவையா?”

எஸ்தர் தலையாட்டினாள். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

மேடம் எழுந்து போய் அலமாரியிலிருந்து பதிமூன்றாம் நம்பர் பிளேட்டை எடுத்து வந்தார். ஒட்டுமேல் விரலை மெதுவாக ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு இரண்டு எக்ஸ்ரே பிலிம்களை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“இதுல கறுப்பா பொட்டுப் பொட்டா தெரியுதே, அத்தனையும் ஓட்டை. இது பதினாலு. இன்னொண்ணுல ஒரு புள்ளி காட்டு பாப்போம். இது பதிமூணு. இந்த பேட்ச்லயே சுத்தமான வேலை. கோகுல் பேரைத் தளேகாவுக்கு அனுப்ப எழுதியே வெச்சிட்டேன்.”

எஸ்தர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “பிலிம் மாறியிருக்கும் மேடம்.”

மேடத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எழுதி வைத்த தாளில் கோகுல் பெயரை அடித்துவிட்டு எஸ்தர் பெயரை எழுதினார்.

“காலையில, எக்ஸ்ரே வர்றதுக்கு முன்னாடியே, கோகுல் எனக்குப் போன் பண்ணான். ‘பிளேட்டு மாறிப்போச்சுன்னு எஸ்தர் வந்து அழுவாங்க, நம்பீராதீங்க மேடம், அவிங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்’னு. நான் அவனை ஒண்ணுமே கேக்கலை. முதல்ல நம்பர் அடிச்சவனும் அவன்தானே? நீ நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத் தளேகாவ் கேட்டுல நிக்கணும். ஆதார் நகல், ரெண்டு போட்டோ எடுத்துக்கோ.”